கண் இங்கே, கணக்கு அங்கே

லினக்ஸ் கணினிகளில் எக்ஸ்ஐஸ் என்றொரு சின்ன நிரல் உண்டு. இயக்கினால் திரையில் இரண்டு பெரிய கண்கள் திறக்கும். மவுஸ் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கருவிழிகள் உருளும். அவ்வளவுதான் அதன் வேலை. குழந்தைகளிடம் கொடுத்தால் பத்து நிமிடம் மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த நிரலை வேறோர் ஊரில் இருக்கும் கணினியில் இயக்கி, கண்களை மட்டும் நம் திரையில் திறக்க வைக்கலாம். அப்போது மவுஸ் நம் கையில் இருக்கிறது. கருவிழி எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்ற கணக்கு அந்த ஊரில் நடக்கிறது. கண் வரையப்படுவது மறுபடி நம் மேசையில். அந்த ஊர் பக்கத்துத் தெருவாக இருந்தால் கண் மவுஸோடு ஒட்டிக்கொண்டே வரும். கடல் கடந்த ஊராக இருந்தால், மவுஸ் நின்று ஒரு கணம் கழித்துத்தான் கண் வந்து சேரும். நாற்பது ஆண்டுகளாகப் பொறியாளர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அந்த ஒரு கணத்தோடுதான்.

தொலைவில் இருக்கும் கணினியின் படத்தை நம் திரைக்குக் கொண்டுவர வேண்டிய தேவை எங்கே வருகிறது? வானிலைக் கணிப்பையோ மூலக்கூறுகளின் அசைவையோ கணக்கிடும் பெரிய கணினிகள் ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டிய அறையில் இருக்கின்றன. அவை உமிழும் தரவு மலையளவு. அதை வீட்டுக்கு இறக்கிக்கொண்டு பார்ப்பது நடக்காத காரியம். தரவு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், படம் மட்டும் வரட்டும் என்பதுதான் வழி. 2020 ஊரடங்கில் அலுவலகக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கிய அத்தனை பேரும் இதே வழியில்தான் வேலை பார்த்தார்கள்.

படம் வரட்டும் என்று சொல்லிவிட்டோம். எப்படி வரும்? ஒரு சாதாரணத் திரையின் அகலம் 1920 புள்ளிகள், உயரம் 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 3 பைட் என்றால் ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட். நொடிக்கு 60 படம் என்றால் ஏறக்குறைய 300 கோடி பிட். நொடிக்கு 10 கோடி பிட் கொண்டுவரும் வீட்டு இணைப்பில் இதை அப்படியே அனுப்பினால் முப்பதில் ஒரு பங்குதான் வந்து சேரும்.

வேறு வழியும் உண்டு. மார்கழியில் பத்திரிகைகளில் கோலம் போடுவார்கள். படத்தின் அடியில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: 15 புள்ளி, 8 வரை, இடுக்குப்புள்ளி. கோலம் போடத் தெரிந்த ஒருவருக்கு அந்தக் குறிப்பைத் தொலைபேசியில் சொல்லி, எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்றும் சொன்னால், வாசலை அடைத்துக் கோலம் விழுந்துவிடும். புகைப்படம் அனுப்ப வேண்டியதே இல்லை. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மறுமுனையில் இருப்பவருக்குக் கோலம் போடத் தெரிந்திருக்க வேண்டும், கையில் மாவும் இருக்க வேண்டும்.

இந்தக் கோலக் குறிப்பு முறையைக் கணினியில் முழுமையாகச் செய்து காட்டியது எக்ஸ் விண்டோ முறைமை. அது பிறந்தது 1984-ல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள எம்ஐடியில். அங்கே அப்போது அத்தீனா திட்டம் நடந்துகொண்டிருந்தது. வளாகம் முழுக்கப் பணிநிலையக் கணினிகளைப் பரப்பி மாணவர்கள் கையில் கொடுப்பது திட்டத்தின் நோக்கம். டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் இயந்திரங்கள் தந்தன. சிக்கலும் அங்கேயே தொடங்கியது. ஒரு நிறுவனத்தின் திரை மற்றதைப் போல இல்லை. ஒன்றுக்காக எழுதிய நிரல் மற்றதில் படம் காட்டாது.

பாப் ஷைஃப்லர் அங்கே கணினி அறிவியல் ஆய்வகத்தில் இருந்தார். ஜிம் கெட்டிஸ் அத்தீனா திட்டத்தில் இருந்தார். ஸ்டான்ஃபோர்டில் பால் அசென்டேவும் பிரையன் ரீடும் எழுதிய டபிள்யூ என்ற விண்டோ முறைமை அவர்கள் கைக்கு வந்தது. ஷைஃப்லர் அதை அடித்தளமாக வைத்துக்கொண்டு சில வாரங்களில் புதிதாக ஒன்றை எழுதினார். ஆங்கில அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ் என்பதால் அதற்கு அந்தப் பெயர். டபிள்யூவிலிருந்து அவர் மாற்றிய முக்கியமான விஷயம் ஒன்றுதான், என் பார்வையில் எக்ஸின் உயிரே அதில்தான் இருக்கிறது. டபிள்யூவில் நிரல் ‘இந்தக் கோட்டைப் போடு’ என்று சொல்லிவிட்டு, ‘போட்டாயிற்று’ என்ற பதில் வரும்வரை காத்திருக்கும். எக்ஸில் வரையும் கட்டளைகளுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. கோடு, கட்டம், எழுத்து என்று கட்டளைகளை வரிசையாக அனுப்பிக்கொண்டே போகும். பிழை நேர்ந்தால் மட்டும் பிறகு தகவல் வரும். போய்வரும் நேரம்தான் எதிரி என்பது முதல் மாதத்திலேயே பிடிபட்டுவிட்டது.

1987 செப்டம்பரில் எக்ஸின் பதினோராம் பதிப்பு வந்தது. இன்றும் புழக்கத்தில் இருப்பது அதே பதினொன்றுதான். அதில் ஒரு செவ்வகத்தை நிறத்தால் நிரப்பு என்ற கட்டளைக்கு 20 பைட் போதும். செவ்வகம் ஒரு பொட்டளவு இருந்தாலும் 20 பைட், முழுத் திரையை அடைத்தாலும் அதே 20 பைட். 62 லட்சம் எங்கே, 20 எங்கே! எதிர்த்திசையில் விசையை அழுத்தினால், மவுஸை நகர்த்தினால், அதைச் சொல்லும் செய்தி ஒவ்வொன்றும் சரியாக 32 பைட். அக்காலத்து ஈதர்நெட் கம்பி நொடிக்கு ஒரு கோடி பிட் சுமந்தது, அதையும் ஒரு கட்டடமே பங்கு போட்டுக்கொண்டது. அந்தக் கம்பியில் இது ஓடியதற்கு இந்தச் சிக்கனமே காரணம்.

எக்ஸைக் கற்க வருபவர்கள் எல்லோரும் ஓரிடத்தில் தடுக்கி விழுவார்கள். சர்வர் என்றால் தூரத்தில் இருக்கும் பெரிய கணினி, கிளையன்ட் என்றால் நம் முன்னே இருப்பது என்று பழகியிருக்கிறோம். எக்ஸில் சர்வர் இருப்பது நம் மேசையில். தூரத்துச் சூப்பர் கணினியில் ஓடும் நிரல்தான் கிளையன்ட். யோசித்துப் பார்த்தால் இதுவே முறை. திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றும் நம்மிடம் இருக்கின்றன. ‘உன் திரையில் கொஞ்சம் இடம் கொடு’ என்று கேட்டு வருபவை நிரல்கள். அவற்றுக்கு இடம் பிரித்துக் கொடுத்து, வரைந்து தருகிற சேவை நம் மேசையில் நடக்கிறது. நான்கு ஊர்களில் ஓடும் நான்கு நிரல்கள் ஒரே திரையில் பக்கம் பக்கமாக உட்காரலாம். எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. திரையின் மீது உரிமை திரைக்காரருக்கே என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை முடக்கியது தூரம். பாஸ்டனில் ஒரு கணினி இருக்கிறது, நாம் சென்னையில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூமியின் வளைவோடு அளந்தால் இடைவெளி சுமார் 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். நேர்க்கோட்டில் கம்பி இருந்தாலும் ஒரு கேள்வி போய்ப் பதில் வர 130 மில்லிநொடி ஆகும். உண்மைக் கம்பிகள் கண்டங்களைச் சுற்றி வளைந்து போவதால் இன்னும் கூடும். எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியை விரட்ட முடியாது. இணைப்பின் அகலத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம், தூரத்தைக் குறைக்க முடியாது.

எக்ஸ்ஐஸின் கண் ஏன் பின்தங்குகிறது என்பது இப்போது புரியும். மவுஸ் தன் விண்டோவுக்கு வெளியே எங்கோ திரிவதால், நிரலின் பழைய பதிப்பு ‘மவுஸ் எங்கே?’ என்று அடிக்கடி சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் நம் மேசையிலிருந்து பாஸ்டன் போக வேண்டும். அங்கே கோணம் கணக்கிடப்பட வேண்டும். ‘கருவிழியை இங்கே வரை’ என்ற கட்டளை திரும்பி வர வேண்டும். அதற்குள் நம் கை வேறெங்கோ போய்விடும்.

இது ஒரே ஒரு கேள்விக்கான கதை. முழு அளவிலான நிரல்கள் திறக்கும்போதே நூற்றுக்கணக்கில் கேட்கும். எக்ஸில் பல பொருள்களுக்குப் பெயருக்குப் பதில் எண்தான் புழக்கம். ‘இந்தப் பெயருக்கு என்ன எண்?’ என்று சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நிரல் எழுதியவர் தன் கணினியிலேயே சோதித்துப் பார்த்திருப்பார். அங்கே ஒவ்வொரு பதிலும் கண்ணிமைக்கும் முன்பே வந்துவிடும். அதனால் ஒன்றைக் கேட்டு, பதில் வாங்கி, அடுத்ததைக் கேட்டு என்று எழுதியிருப்பார். அதே நிரல் கடல் கடந்து ஓடும்போது நூறு கேள்விக்கு 13 நொடி. வெறும் காத்திருப்பு மட்டும் அவ்வளவு. நூறு கேள்விகளையும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டுப் பதில்களைப் பிறகு வாங்கிக்கொண்டால் ஒரே ஒரு 130 மில்லிநொடியோடு முடிந்திருக்கும். எக்ஸின் நெறிமுறை அதற்கு முதல் நாளிலிருந்தே இடம் கொடுத்தது. நிரல்களை எழுத உதவிய நூலகங்களின் அமைப்புதான் ஒவ்வொரு கேள்விக்கும் நின்று காத்திருக்கும் வழக்கத்தைப் பழக்கியது. செய்திகளைச் சுருக்கி அனுப்பினால் சரியாகிவிடும் என்று 1990களில் எல்பிஎக்ஸ் என்ற முயற்சி நடந்தது. பலன் சொற்பம். கெட்டிஸும் கீத் பேக்கர்டும் நெட்வொர்க்கில் ஓடும் எக்ஸ் செய்திகளை அளந்து 2003-ல் எழுதியபோது, மிஞ்சியது தாமதப் பிரச்சினைதான் என்பது ஐயமற உறுதியானது.

எழுத்து விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ் நேரடியாகச் சம்பந்தப்பட்ட இடம் அது.

1987-ன் எக்ஸில் எழுத்துருக்கள் சர்வரிடம், அதாவது நம் மேசையில் இருந்தன. தூரத்து நிரல் எழுத்துகளின் எண்களை மட்டும் அனுப்பும். ஓர் எண்ணுக்கு ஓர் உருவம், இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்று என்று சர்வர் வரைந்துவிடும். ஆங்கிலத்துக்கு அது கச்சிதம். தமிழுக்குப் போதாது. ‘கெ’ என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. யூனிகோடு குறியேற்றத்திலோ ககரம் முதலில், கொம்பு பிறகு. ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும். ‘கு’, ‘டு’, ‘மு’ என்று உகரம் ஏறும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வடிவம். எண்ணுக்கு ஓர் உருவம் என்று மட்டும் தெரிந்த சர்வருக்கு இந்த இலக்கணம் எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பையும் காலையும் சேமித்த திஸ்கி போன்ற பழைய குறியேற்றங்கள் இந்த முறையில் ஓடின. யூனிகோடு வந்ததும் எழுத்துகளைக் கோக்கும் அறிவு எங்கேயாவது குடியேற வேண்டியிருந்தது.

அது நிரலின் பக்கம் குடியேறியது. 2000-ஆம் ஆண்டையொட்டி கீத் பேக்கர்ட் எக்ஸுக்கு ரெண்டர் என்ற புதிய பகுதியைச் சேர்த்தார். இதில் தூரத்து நிரல் தன்னிடமுள்ள எழுத்துருவைக் கொண்டு எழுத்துகளைக் கோத்து, ஒவ்வொரு வடிவத்தையும் மென்மையான விளிம்புள்ள சிறு படமாக்கி, ஒரே ஒருமுறை சர்வருக்கு அனுப்பிவைக்கும். பிறகு அந்த வடிவம் தேவைப்படும்போதெல்லாம் எண்ணைச் சொன்னால் போதும். அச்சகத்தில் ஈய எழுத்தை ஒருமுறை வார்த்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாக எடுத்துக் கோத்தார்களே, அதே ஏற்பாடு. கட்டளை அனுப்புவதா, படம் அனுப்புவதா என்ற கேள்விக்கு இதைவிட அழகான சமாதானத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் மற்ற இடங்களில் கோலக் குறிப்பு தோற்கத் தொடங்கியது. நிழலும் ஒளியும் கலந்த பொத்தான்கள், புகைப்படங்கள், காணொளிகள் வந்தன. பல்லாயிரம் நிறங்கள் கலந்த ரங்கோலியைத் தொலைபேசியில் விவரிக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும், புகைப்படமே சுருக்கம். நிரல்களும் அப்படியே நினைத்தன. படத்தைத் தாமே தயாரித்து முடித்து, எக்ஸ் சர்வரிடம் ‘இதை ஒட்டு’ என்று மட்டும் சொல்லத் தொடங்கின.

படத்தையே அனுப்பும் வழிக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் மவுஸை உலகுக்குக் காட்டினாரே, அன்று அவர் இயக்கிய கணினி அந்த அரங்கில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. அங்கே திரைக்கு முன்னால் கேமராவை வைத்துப் படம் பிடித்து, நுண்ணலையில் அரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

அதையே மென்பொருளில் எளிமையாகச் செய்தது விஎன்சி. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி நடத்திய ஆய்வகத்தில் உருவாகி 1998-ல் இலவசமாக வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர் அதற்கு முன்பே, 1991-ல், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று எல்லோரும் தத்தம் எக்ஸ் திரையில் பார்க்கும்படி எக்ஸ்காபி நிரலை எழுதியவர். விஎன்சியில் நம் பக்கம் இருப்பதற்கு எதுவும் வரையத் தெரிய வேண்டாம். ‘புதிதாக என்ன மாறியது?’ என்று கேட்கும், மாறிய செவ்வகங்களை வாங்கி ஒட்டும். இணைப்பு மெதுவாக இருந்தால் மெதுவாகக் கேட்கும், இடையில் நடந்தவை தானாக விடுபட்டுப் போகும். பக்கத்தை உருட்டினால் ‘அங்கிருந்ததை இங்கே நகர்த்து’ என்று ஒரு வரிச் செய்தி.

இதில் எக்ஸால் தர முடியாத வசதி ஒன்று கிடைத்தது. எக்ஸில் இணைப்பு அறுந்தால் நிரலும் அதோடு இறந்துவிடும். மூன்று மணிநேரக் கணக்கு பாதியில் போன துயரம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விஎன்சியில் திரை முழுக்கத் தூரத்திலேயே இருக்கிறது. மின்சாரம் போய், வீட்டுக்குப் போய், வேறு கணினியில் திறந்தாலும் கர்சர் விட்ட இடத்திலேயே சிமிட்டிக்கொண்டிருக்கும்.

இப்போதைய தொலைத்திரை மென்பொருள்கள் இன்னும் ஒருபடி போய்த் திரையைத் திரைப்படமாகவே கருதுகின்றன. முந்தைய படத்திலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பதை மட்டும் அனுப்பும் காணொளிச் சுருக்க முறைகளால் அந்த 300 கோடி பிட் சில கோடிகளுக்குள் அடங்கிவிடுகிறது. இந்தச் சுருக்கலையும் விரித்தலையும் செய்யும் சில்லு நம் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய எக்ஸ் நம்பிக்கையின் மேல் நின்றது. ஒருமுறை உள்ளே வந்த நிரல் மற்ற நிரல்களின் விண்டோக்களைப் பார்க்கலாம், தட்டும் விசைகளை ஒட்டுக்கேட்கலாம். செய்திகள் கம்பியில் வெளிப்படையாகவே போயின. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலோனென், தங்கள் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடப்பட்ட பிறகு எஸ்எஸ்ஹெச் எழுதினார். அது எக்ஸையும் தன் மறைகுறியாக்கக் குழாய்க்குள் எடுத்துக்கொண்டது. தூரத்துக் கணினியில் ஒரு பொய் எக்ஸ் சர்வரை நிறுத்தி, அதற்கு ஒரு பொய்ச் சாவியையும் கொடுத்துவைக்கும். நிரல் அந்தப் பொய்ச் சாவியோடு வரும். செய்தி நம் மேசைக்கு வந்த பிறகுதான் அதை உண்மைச் சாவியாக மாற்றும். உண்மைச் சாவி ஒருபோதும் நம் கணினியை விட்டுப் போகாது.

தாமதத்தோடு ஜிம் கெட்டிஸுக்கு இருந்த வழக்கு பல ஆண்டு கழித்து அவர் வீட்டுக்கே வந்தது. 2010-ல், வீட்டிலிருந்து பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது இணைப்பே தள்ளாடுவதைக் கவனித்து நோண்டத் தொடங்கினார். வழியிலுள்ள மோடம்களிலும் ரவுட்டர்களிலும் தகவல் பொட்டலங்களைத் தேக்கி வைக்கும் நினைவகம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. நினைவகம் மலிந்துவிட்டதால் யாரும் யோசிக்காமல் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். வரிசை நீண்டது. மவுஸ் அசைவைச் சுமந்த சின்னப் பொட்டலம் கோப்பின் ஆயிரம் பொட்டலங்களுக்குப் பின்னால் போய் நின்றது. இந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் பஃபர்ப்ளோட். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைத் தந்தார்கள். வரிசையில் பொட்டலங்கள் அதிக நேரம் நிற்கத் தொடங்கினால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புநரை மெதுவாகப் போகச் சொல்லும் முறை அது. வீட்டில் யாரோ படம் பதிவேற்றும்போது தொலைத்திரை உறைகிறதென்றால் ஒளியின் வேகத்தைக் குறை சொல்வதற்கு முன் ரவுட்டரைப் பார்க்கலாம்.

எக்ஸுக்கு மாற்றாக 2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட் இன்று பெரும்பாலான லினக்ஸ் மேசைகளில் இருக்கிறது. அதில் ‘வரை’ என்ற கட்டளையே இல்லை. ஒவ்வொரு நிரலும் தன் படத்தை நினைவகத்தில் தானே வரைந்து முடித்து, ஒட்டச் சொல்லிக் கொடுக்கிறது. தூரத்துத் திரை நெறிமுறையிலேயே கிடையாது. அந்தக் குறையை நிரப்ப வேபைப் என்ற கருவி படங்களின் மாறிய பகுதிகளைச் சுருக்கி எஸ்எஸ்ஹெச் வழியே அனுப்புகிறது. நிரல்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தால் இந்த முடிவு நியாயமானதே. ஆனாலும் 20 பைட்டில் ஒரு திரையை நிரப்பிய அந்தச் சிக்கனம் கைவிடப்பட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

அது முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதற்கு அறிவியல் கூடங்களில் சாட்சி இருக்கிறது. பெரிய கணிப்புகளின் முடிவுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பாராவியூ என்ற மென்பொருள், காட்ட வேண்டிய உருவம் எவ்வளவு பெரியது என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறது. சிறியதென்றால் முக்கோணங்களின் பட்டியலை நம் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. அதன்பின் நாம் எப்படித் திருப்பினாலும் வரைவது நம் மேசையில், தாமதமே இல்லை. ஒரு புயலின் முழு உருவம் போலப் பெரியதென்றால் தூரத்திலேயே வரைந்து படத்தை மட்டும் அனுப்புகிறது. புயலை மவுஸால் பிடித்துச் சுழற்றும்போது புள்ளி பெருத்த, மங்கலான படங்கள் வேகமாக வந்து விழுகின்றன. கை மவுஸை விட்டதும் முழுப் படம் வந்து மேகத்தின் விளிம்புகள் தெளிகின்றன.